கண் கட்டிகளில் புரத மாற்றங்களை அளப்பது எப்படி: அறுவை அரங்கு முதல் ஸ்கோர் ஷீட் வரை

கண் புற்றுக் கட்டிகளில் எந்தப் புரதம் கூடியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கும் வேலை சென்னைக்குப் புதிதல்ல. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் வேர் 1819 வரை போகிறது. ரெட்டினோபிளாஸ்டோமாவில் எப்கேம் என்ற மேற்பரப்புப் புரதம் இருப்பதை நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் ஆய்வுக் குழு 2004-லேயே வெளியிட்டது. ஆனாலும் இந்தத் துறைக்குப் புதிதாக வரும் எம்.எஸ்சி., பி.எச்டி. மாணவர்கள் பெரும்பாலும், தேடும் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியில்தான் தொடங்குகிறார்கள்: எந்த கம்பெனி, எந்த குளோன், என்ன டைலூஷன் என்று. நல்ல ஆன்டிபாடி தேவைதான். ஆனால் கண் கட்டியில் முடிவு கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே. கண்ணை எடுத்த முதல் அரை மணி நேரத்திலும், ஃபார்மலின் ஜாடியிலும், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற தேர்விலும் கெடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி அந்த இடங்களில் அதிக நேரம் நிற்கும்.

முக்கிய உதாரணம் ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது ஐந்து வயதுக்குள் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்று. பெரியவர்களுக்குக் கண்ணின் நிறமிப் படலத்தில் வரும் யுவியல் மெலனோமா, நிறமியால் தனிச் சிக்கல் தருவதால், நடுவில் தனியாக வருகிறது.

எதை எதோடு ஒப்பிடுவது

முதல் ஸ்லைடை வெட்டும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். வழக்கமாகச் செய்வது கட்டியை ஒரு பக்கமும், கண் வங்கியில் கிடைத்த தான விழித்திரையை மறுபக்கமும் வைப்பது. இதில் பெரிய பொறி இருக்கிறது. முதிர்ந்த விழித்திரையில் ராடு செல்கள் (மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை) கோன் செல்களைவிட (நிறம் பார்க்க உதவுபவை) ஏறத்தாழ 20 மடங்கு. ரெட்டினோபிளாஸ்டோமாவோ வளரும் பருவத்துக் கோன் முன்னோடி செல்களிலிருந்து பிறக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. எனவே கட்டியில் ராடு செல்லின் ஒளி உணர் புரதமான ரோடாப்சின் மிகக் குறைவு என்று காட்டினால், எந்த செல்லும் ரோடாப்சினைக் குறைத்துக்கொள்ளவில்லை. அந்த மாதிரியில் ராடு செல்லே இல்லை, அவ்வளவுதான். மறுபுறம் கேஐ-67, பிசிஎன்ஏ போன்ற செல் பெருக்கப் புரதங்கள் தான விழித்திரையோடு ஒப்பிட்டால் எப்போதுமே கூடித்தான் தெரியும். முதிர்ந்த விழித்திரையின் நரம்பு செல்கள் பிரிவதே இல்லை.

இதற்கு நல்ல வழி, கட்டியைக் கட்டியோடு ஒப்பிடுவது. கோராய்டுக்குள் (விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக் குழாய்ப் படலம்) ஊடுருவிய கட்டிகள், ஊடுருவாதவை; பார்வை நரம்பில் லாமினா கிரிப்ரோசா (நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் சல்லடைத் தட்டு) தாண்டியவை, தாண்டாதவை. இந்தக் கேள்விகளுக்கு நோயாளி சார்ந்த பொருளும் உண்டு. தான விழித்திரையைக் கூடவே வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி 'பத்து மடங்கு கூடியது' என்று எழுதாதீர்கள். தான விழித்திரை எடுத்தால் இறந்த நேரத்துக்கும் உறைய வைத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்தே ஆக வேண்டும். விழித்திரை மிக வேகமாகச் சிதையும் திசு.

இன்னொன்று கீமோதெரபி. வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு, கார்போபிளாட்டின் கொடுத்த பிறகு எடுக்கப்பட்ட கண்ணையும், மருந்தே படாமல் எடுத்த கண்ணையும் ஒரே குழுவில் போடக் கூடாது. மருந்துக்குப் பிழைத்த செல்கள் வேறு. அவற்றின் புரதப் பட்டியலும் வேறு.

அனுமதியும் நோயறிதலின் முன்னுரிமையும்

ரெட்டினோபிளாஸ்டோமா சந்தேகம் உள்ள கண்ணில் ஊசி போட்டு பயாப்சி எடுப்பதில்லை. ஊசி போன பாதையில் கட்டி கண்ணுக்கு வெளியே பரவலாம். ஆகவே ஆராய்ச்சித் திசு கிடைப்பது அகற்றப்பட்ட கண்ணிலிருந்து மட்டுமே. குழந்தையின் பெற்றோர் எழுதித் தரும் சம்மதமும், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் அறுவைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சம்மதப் படிவம் பெற்றோர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். சென்னைக்கு ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குடும்பங்கள் சிகிச்சைக்கு வருகின்றன. தமிழ்ப் படிவம் மட்டும் போதாது.

கண் முதலில் நோயியல் மருத்துவருக்குச் சொந்தம். கோராய்டில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஊடுருவல் இருக்கிறதா, பார்வை நரம்பின் வெட்டு முனையில் கட்டி இருக்கிறதா என்ற பதில்களை வைத்துத்தான் அந்தக் குழந்தைக்கு மேற்கொண்டு மருந்து தேவையா என்று முடிவாகும். ஆராய்ச்சிக்காக எடுத்த துண்டு அந்தப் பதிலைக் கெடுத்துவிட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

கண் எடுக்கப்படும் நாள்

அரங்குக்குப் பக்கத்து அறையில் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை: ஐஸ் பெட்டி, குளிர்ந்த பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்), 1.8 மி.லி. கிரையோவயல்கள், திரவ நைட்ரஜன் அல்லது உலர் பனி, புது பிளேடுகள், இரண்டு செட் கையுறை, ஃபார்மலின் ஜாடிகள் இரண்டு. வயல்களில் எழுதும் பேனா ஆல்கஹாலில் அழியாததாக இருக்கட்டும். நைட்ரஜனில் போட்டு எடுத்த பிறகு எழுத்து காணாமல் போன வயலை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது.

வரிசை மாறக் கூடாது. கண் வந்ததும் முதலில் பார்வை நரம்பின் வெட்டு முனையிலிருந்து 2 முதல் 3 மி.மீ. துண்டை வெட்டித் தனி ஜாடியில் போட வேண்டும். கண் கோளத்தைத் திறப்பது அதற்குப் பிறகுதான். ரெட்டினோபிளாஸ்டோமா மிகவும் உதிரும் கட்டி. கட்டியை எடுக்கக் கோளத்தில் ஜன்னல் வெட்டிய பிளேடாலேயே நரம்பை வெட்டினால், ஒட்டிக்கொண்டு வந்த செல்கள் நரம்பு முனையில் கட்டி இருப்பதுபோல் காட்டும். அந்தப் பொய்யான முடிவு ஒரு குழந்தைக்குத் தேவையில்லாத சிகிச்சையாக முடியலாம்.

பிறகு பிளேடையும் கையுறையையும் மாற்றி, லிம்பஸுக்கு (கருவிழியும் வெண்விழியும் சேரும் ஓரம்) அருகில், கட்டி இருக்கும் பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல். வெளிச்சத்தில் கண்ணைப் பிடித்துப் பார்த்தால் கட்டி இருக்கும் பக்கம் நிழலாகத் தெரியும். பார்வை நரம்பையும் அதைச் சுற்றியுள்ள கோராய்டையும் தொடவே கூடாது. எடுத்த கட்டியை குளிர்ந்த பி.பி.எஸ்.-இல் ஒருமுறை மெதுவாக அலசி, ரத்தமும் கண்ணுக்குள் இருக்கும் கூழான விட்ரியஸும் போனதும், 20 முதல் 50 மி.கி. துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனி வயலில் உறைய வையுங்கள். பெரிய துண்டாக ஒரே வயலில் வைத்தால் ஒவ்வொரு முறையும் முழுவதையும் உருக்க வேண்டி வரும். மூன்றாவது உருக்கலுக்குப் பிறகு பாஸ்போ புரதங்களை (பாஸ்பேட் ஏறிய புரதங்கள்) பற்றிப் பேசவே முடியாது.

ரத்த ஓட்டம் நின்ற நேரம், உறைந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். இடைவெளி 30 நிமிடத்துக்குள் இருப்பது நல்லது. ஒரு கண்ணுக்கு 20 நிமிடம், அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் என்றால், பின்னால் தெரியும் 'வேறுபாடு' போக்குவரத்து நெரிசலின் வேறுபாடாகவும் இருக்கலாம். மே மாதத்தில் எழும்பூரிலிருந்து தரமணிக்கு வெறும் ஐஸ் பெட்டியில் திசுவை அனுப்பாதீர்கள். அரங்கிலேயே உறைய வைத்து, உலர் பனியில் அனுப்புங்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஃபார்மலினும் பிளாக்கும்

10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின்: கடையில் கிடைக்கும் 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பஃபர் போடாத ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகி, ரத்தம் உள்ள இடங்களில் பழுப்பு நிறத் துகள்களைப் படியவிடும். ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைக் காட்டும் டி.ஏ.பி. நிறமும் பழுப்புதான் என்பதால் குழப்பம் அங்கே தொடங்கும்.

முழுக் கண்ணுக்கு 24 முதல் 48 மணி நேரம். கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்கிளீரா தடிமனானது, ஃபார்மலின் மெதுவாகத்தான் உள்ளே போகும். அவசரப்பட்டு 8 மணி நேரத்தில் வெட்டினால் வெளி ஓரம் நன்றாகவும் நடுக்கட்டி அரைகுறையாகவும் இருக்கும். ஸ்டெயினிங்கிலும் அதே வளையம் தெரியும். வெள்ளிக்கிழமை போட்டதை மறந்து புதன்கிழமை எடுத்தால் புரதங்களின் குறுக்குப் பிணைப்பு அதிகமாகி ஆன்டிஜென் (ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இலக்கு) மூடிக்கொள்ளும். இரண்டில் இரண்டாவது ஓரளவு மீட்கக்கூடியது. முதலாவதை மீட்கவே முடியாது.

கட்டியில் கால்சியம் படிவது மிகச் சாதாரணம். கத்தி பட்டால் செக்‌ஷன் கிழியும். கால்சியத்தைக் கரைக்க நைட்ரிக் அமிலம் போன்ற வலுவான அமிலத்தைத் தொடாதீர்கள். அணுக்கருப் புரதங்களின் ஸ்டெயினிங் அதோடு போய்விடும். கால்சியத்தை மெதுவாகப் பிடித்தெடுக்கும் இ.டி.டி.ஏ. நாள் கணக்கில் எடுக்கும், ஆனால் ஆன்டிஜென்னைக் காப்பாற்றும். பெரும்பாலும் கால்சியம் குறைவான பகுதியிலிருந்து பிளாக் (பாரஃபின் மெழுகில் பதித்த திசு) எடுத்தாலே போதும்.

4 மைக்ரான் செக்‌ஷன், பாசிட்டிவ் சார்ஜ் உள்ள அல்லது பாலி-எல்-லைசின் பூசிய ஸ்லைடு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். வெட்டி வைத்த ஸ்லைடுகளை மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். காற்றில் ஆன்டிஜென் தேயும். தேவைப்படும் வாரத்தில் வெட்டுங்கள்.

ஸ்டெயினிங்

ஒவ்வொரு பேட்சிலும் கன்ட்ரோல்கள் வேண்டும். பிஆர்பி (இந்தக் கட்டியில் பெரும்பாலும் பழுதாகும் ஆர்பி1 ஜீன் தரும், ஏறத்தாழ 110 கிலோடால்டன் எடையுள்ள புரதம்) தேடும்போது நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு ஒய்79 செல் லைனின் செல் பிளாக் நன்றாக உதவும். 1974-இல் உருவான இந்த செல் லைனில் இயங்கும் பிஆர்பி இல்லை. பாசிட்டிவ் கன்ட்ரோல் அதே ஸ்லைடில் இருக்கிறது: கட்டிக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் எண்டோதீலிய செல் கருக்கள். அவை ஸ்டெயின் ஆகவில்லை என்றால் கட்டியில் பிஆர்பி இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

1. சைலீன் 2 முறை, 10 நிமிடம் வீதம். பிறகு 100, 95, 70 சதவீத ஆல்கஹால், நீர்.

2. ஆன்டிஜென் மீட்பு. சிட்ரேட் பஃபர்: ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.94 கிராம் ஒரு லிட்டருக்கு, பி.எச். 6.0, ட்வீன்-20 0.05 சதவீதம். அல்லது ட்ரிஸ் 1.21 கிராம், இ.டி.டி.ஏ. 0.37 கிராம் ஒரு லிட்டருக்கு, பி.எச். 9.0. அணுக்கருப் புரதங்களுக்கு இரண்டையும் ஒருமுறை சோதித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்த பிறகு 3 நிமிடம். அப்படியே 20 நிமிடம் பஃபருக்குள்ளேயே ஆறட்டும். சூட்டோடு எடுத்தால் விழித்திரை ஸ்லைடிலிருந்து மிதந்து போய்விடும்.

3. திசுவின் சொந்தப் பெராக்சிடேஸை அடக்க, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். 30 சதவீத பாட்டிலிலிருந்து ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர். பாட்டில் குளிர்பதனப் பெட்டியில் இருளில் இருக்கட்டும். அலமாரியில் வெயில் படக் கிடந்தது வேலை செய்யாது.

4. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, 3 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) 30 நிமிடம்.

5. முதல் ஆன்டிபாடி. புதிதாக வாங்கியதை 1:50, 1:100, 1:200, 1:400 என்று நான்கு ஸ்லைடில் போட்டுப் பாருங்கள். கன்ட்ரோல் பளிச்சென்றும் பின்னணி சுத்தமாகவும் இருக்கும் டைலூஷனே சரியானது. 1:200 என்றால் 5 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி, 995 மைக்ரோலிட்டர் பஃபர். ஒரு செக்‌ஷனுக்கு 100 முதல் 150 மைக்ரோலிட்டர். பிஆர்பிக்கு ஜி3-245, கேஐ-67க்கு எம்ஐபி-1, மெலனோமாவில் தேடும் பிஏபி1க்கு சி-4 ஆகிய குளோன்கள் பரவலாகப் பயன்படுபவை.

6. முதல் ஆன்டிபாடியைப் பிடித்து டி.ஏ.பி.யைப் பழுப்பாக்கும் என்சைம் கொண்ட, பயாட்டின் இல்லாத எச்.ஆர்.பி. பாலிமர் 30 நிமிடம்.

7. டி.ஏ.பி. கன்ட்ரோல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நேரத்தை நிர்ணயித்து, அந்த பேட்ச் முழுவதற்கும் அதே நேரம். ஸ்லைடுக்கு ஸ்லைடு கண்ணால் பார்த்து நிறுத்தினால் அடர்த்தியை ஒப்பிட முடியாது.

8. ஹெமடாக்ஸிலின் இலேசாக, 30 விநாடி போதும். நீலம் தடித்தால் கருவுக்குள் இருக்கும் மெல்லிய பழுப்பு மறைந்துவிடும்.

புரோட்டோகாலில் 'அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம்' என்று இருக்கும். அது எழுதப்பட்ட ஊரில் அறை 22 டிகிரி. ஏ.சி. அணைந்த சென்னை லேபில் 33. ஓரம் காய்ந்து, கட்டியைச் சுற்றி ஒரு பழுப்புக் கரை வரும். அதைப் பார்த்துவிட்டு 'கட்டியின் முன்விளிம்பில் அதிக வெளிப்பாடு' என்று யாராவது எழுதிவிடக்கூடும். ஈரத் தாள் வைத்த மூடிய பெட்டியில், 4 டிகிரியில், இரவு முழுக்க வைப்பதே எங்கள் தேர்வு. பஃபருக்கு காய்ச்சி வடித்த நீர் மட்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். ஹெமடாக்ஸிலினை நீலமாக்கும் கடைசி அலசலில் மட்டும் அதே கடின நீர் அருமையாக வேலை செய்யும்.

மெலனின் இருக்கும் கட்டி

யுவியல் மெலனோமாவில் மெலனினும் பழுப்பு, டி.ஏ.பி.யும் பழுப்பு. எளிய தீர்வு, ஆல்கலைன் பாஸ்படேஸ் சார்ந்த சிவப்பு நிறமி. ஏ.இ.சி. என்ற சிவப்பைப் பயன்படுத்தினால் அது ஆல்கஹாலில் கரையும் என்பதை நினைவில் வையுங்கள், கரிமக் கரைப்பானில் உள்ள டி.பி.எக்ஸ். மவுண்ட் வேண்டாம், நீர் சார்ந்த மவுண்ட் போடுங்கள். மெலனின் அடர்ந்து கருவையே மறைத்தால் மட்டும் ப்ளீச்சிங். அப்போது நிறமி குறைந்த ஒரு திசுவை ப்ளீச் செய்தும் செய்யாமலும் ஸ்டெயின் செய்து, ஆன்டிஜென் தப்பித்ததா என்று பாருங்கள்.

இந்தக் கட்டியில் மிகவும் பயன்படும் புரதம் பிஏபி1. குரோமோசோம் 3-இல் இருக்கும் இதன் ஜீன் மாற்றங்களுக்கும் கட்டி பரவுவதற்கும் உள்ள தொடர்பு 2010-இல் வெளியானது. அணுக்கருவில் பிஏபி1 இல்லாத கட்டி கல்லீரலுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம். சைட்டோபிளாசத்தில் மட்டும் நிறம் இருந்தால் அதுவும் இழப்புதான். பாசிட்டிவ் கன்ட்ரோலாக, பக்கத்தில் இருக்கும் லிம்போசைட்டுகளின் கரு நிறம் ஏறியிருக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது, எப்படி எண்ணுவது

ரெட்டினோபிளாஸ்டோமாவை 4 எக்ஸ் லென்ஸில் பாருங்கள். ரத்தக் குழாயைச் சுற்றி உயிருள்ள செல்களின் நீல நிற உறை. அதற்கு அப்பால் வெளிறிய செத்த திசு. குழாயிலிருந்து ஏறத்தாழ 100 மைக்ரான் தாண்டினால் செல்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் இறக்கின்றன. செத்த செல்கள் எந்த ஆன்டிபாடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கோர் உறைக்குள் மட்டும். உறையின் வெளி வரம்பில் ஹைபாக்சியா (ஆக்சிஜன் குறைவு) சார்ந்த புரதங்கள் கூடியிருப்பது உண்மையான உயிரியல்; அதனால் குழாய் ஓரம், வெளி வரம்பு இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பது நல்லது.

எச்-ஸ்கோர் (நிற அடர்த்தியையும் நிறமேறிய செல்களின் அளவையும் சேர்த்துச் சொல்லும் எண்): இலேசாக நிறமேறிய செல்களின் சதவீதம், மிதமானவற்றின் சதவீதம் பெருக்கல் 2, அடர்ந்தவற்றின் சதவீதம் பெருக்கல் 3, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 40 சதவீதம் இலேசு, 30 மிதம், 10 அடர்த்தி என்றால் 40 + 60 + 30 = 130. உச்சம் 300. நோயாளி விவரம் தெரியாத இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். கேஐ-67க்கு அடர்த்தி தேவையில்லை, குறைந்தது 500 செல்களை எண்ணி சதவீதம்.

பிஆர்பி நிறம் இருந்தால் ஆர்பி1 நலமாக இருக்கிறது என்று பொருளல்ல. ஒரு அமினோ அமிலம் மாறிய, வேலை செய்யாத புரதமும் ஆன்டிபாடிக்குச் சிக்கும். ஆர்பி1-இன் இரண்டு பிரதிகளும் சரியாகவே இருந்து, எம்ஒய்சிஎன் ஜீன் பெருகியதால் வரும் சிறு தொகுதிக் கட்டிகளும் உண்டு. ஸ்டெயினிங்கை மரபணுச் சோதனைக்கு மாற்றாகப் பெற்றோரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

வெஸ்டர்ன் பிளாட்: அளவை உறுதி செய்ய

இந்த முறையில் புரதங்களை எடைப்படி ஜெல்லில் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுகிறோம். உறைந்த துண்டை நைட்ரஜனிலேயே பொடித்து, மி.கி.க்கு 10 மைக்ரோலிட்டர் ரிபா பஃபர் (செல்லை உடைத்துப் புரதத்தைக் கரைப்பது). புரதச் சிதைவைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப். 1 மில்லிமோலார், கடைசி நிமிடத்தில். நீரில் அது சீக்கிரம் செயலிழக்கும். பாஸ்போ புரதம் வேண்டுமென்றால், பாஸ்பேட் கழன்றுபோகாமல் இருக்க சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும். இந்தக் கட்டி முழுக்க அணுக்கரு, டி.என்.ஏ. கலந்து லைசேட் (உடைத்த செல்களின் கரைசல்) சளிபோல் இழுக்கும். ஐஸில் வைத்து 10 விநாடி வீதம் மூன்று முறை சோனிகேட் செய்தால் இழுவை போகும். பிறகு 4 டிகிரியில் 12,000 ஜி, 20 நிமிடம்.

புரத அளவுக்கு, நிற மாற்றத்தை ஒளி உறிஞ்சுதலால் அளக்கும் பி.சி.ஏ. முறை. மெலனோமா லைசேட்டில் மெலனின் 562 நானோமீட்டரிலும் ஒளியை உறிஞ்சும். வினைப்பொருள் சேர்க்காத ஒரு குழியைக் கூட வைத்துக் கழியுங்கள். இல்லையென்றால் கறுத்த கட்டிகளில் புரதம் கூடுதலாகக் காட்டி, ஜெல்லில் குறைவாக ஏற்றிவிடுவீர்கள். லைசேட்டில் மைக்ரோலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் இருந்து 30 மைக்ரோகிராம் ஏற்ற வேண்டுமென்றால், 7.5 மைக்ரோலிட்டர் லைசேட், 2.5 மைக்ரோலிட்டர் நான்கு மடங்கு பஃபர்.

பிஆர்பிக்கு 8 சதவீத ஜெல், வெட் டிரான்ஸ்ஃபர், 30 வோல்ட், குளிர் அறையில் இரவு முழுக்க. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பட்டை வந்தால் பதறாதீர்கள். பாஸ்பேட் அதிகம் ஏறிய வடிவம் மெதுவாக நகரும். ரோடாப்சின் போன்ற சவ்வுப் புரதங்களைக் கொதிக்க வைக்காதீர்கள். 95 டிகிரியில் அவை திரண்டு ஜெல்லின் தலையிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் 30 நிமிடம் போதும்.

எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் லோடிங் கன்ட்ரோலில்தான் பல ஆய்வறிக்கைகள் சறுக்குகின்றன. ஜி.ஏ.பி.டி.எச். குளுக்கோஸ் சிதைவின் என்சைம். கட்டியில் அதுவே கூடும். அதைக் கொண்டு வகுத்தால் நீங்கள் தேடும் புரதத்தின் உயர்வு பாதி மறைந்துவிடும். எல்லாப் புரதத்தையும் சிவப்பாக்கும் பான்சோ எஸ் போட்டு லேனின் மொத்தப் புரதத்தைப் படமெடுத்து அதனால் வகுங்கள். பான்சோ எஸ் மலிவு, பத்து நிமிட வேலை, அதே மெம்பிரேனில் ஆன்டிபாடியும் போடலாம்.

எண்ணிக்கை

ஒரு கண்ணிலிருந்து ஐந்து செக்‌ஷன் எடுத்தால் எண்ணிக்கை ஐந்தல்ல, ஒன்று. இரு கண்ணிலும் கட்டி உள்ள குழந்தையின் இரண்டு கண்களும் தனித்தனி நோயாளிகள் அல்ல. இரண்டிலும் ஆர்பி1-இன் முதல் அடி (முதல் பிரதியின் பழுது) ஒன்றேதான். எச்-ஸ்கோரை ஒப்பிட மான்-விட்னி போன்ற தரவரிசைச் சோதனை பொருந்தும். ஒரே நேரத்தில் இருபது புரதங்களைப் பார்த்தால் தற்செயலான பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் பென்ஜமினி-ஹாக்பெர்க் திருத்தம் தேவை. முடிவு அட்டவணையில் ஒவ்வொரு மாதிரிக்கும் வயது, ஒரு கண்ணா இரு கண்ணா, முன் கீமோதெரபி, உறைய வைக்க எடுத்த நேரம், ஃபார்மலினில் இருந்த மணி நேரம் ஆகியவை தனிப் பத்திகளாக இருக்க வேண்டும். பிளாட் படத்தை ஓரம் வெட்டாமல் முழுதாகச் சேமியுங்கள். பாரஃபின் பிளாக்கை வெட்டித் தீர்த்துவிடாதீர்கள். நோய் திரும்பினால் மருத்துவர் முதலில் கேட்பது அந்த பிளாக்கைத்தான்.